தொண்ணூறு மைல் எண்பதான பாதை

மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போகிறேன் என்றுதான் ஈப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன். பொய் இல்லை, புடவையும் எடுத்தேன். ஆனால் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே, காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. கப்பலில் இருந்த நாளெல்லாம் அதைத் திறக்கவே இல்லை. திறப்பானேன், ஒவ்வொரு பக்கமும் மனப்பாடம்.

அந்த நோட்டில் மூன்று வருஷம் எழுதி வந்த டிரைவரை இங்கே ஏழுமலை என்று சொல்கிறேன். அவர் பெயர் அதுவல்ல; அவர் மனைவி பெயரும் அவர்கள் ஊரும்கூட மாற்றியவைதான். ஏன் மாற்றினேன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஐம்பதுகளின் கடைசியில் என் கணவர் ஒரு ரப்பர் கம்பெனியின் சென்னைக் கிளைக்கு மாற்றலாகி வந்தார். கீழ்ப்பாக்கத்தில் வீடு, பழைய கார் ஒன்று, அதற்கு டிரைவர் ஏழுமலை. கேலனுக்கு எத்தனை மைல் கொடுக்கிறது என்று பார்ப்பது என் கணவருக்கு ஒரு பைத்தியம். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் அங்கேதான் தெரியும் என்பார். எங்கே போனது, புறப்படும்போது மீட்டர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று ஏழுமலை எழுத வேண்டும். டாங்கை வாய்வரை நிரப்பி எத்தனை கேலன் பிடித்தது என்று இவர் எழுதுவார். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வகுத்து விடை போடுவது நான். நான் கணக்கு டீச்சர் அல்லவா, சிவப்பு மைதான் போடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் விடை முப்பத்திரண்டை ஒட்டியே வந்தது. அப்புறம் ஒரு மாசம் இருபத்தெட்டு. அடுத்த மாசமும் இருபத்தெட்டு. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், பிளக் மாற்றினார்கள், ஒன்றும் நகரவில்லை. ஐந்தாவது மாசம் நான் அந்த இருபத்தெட்டைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டுக் கணவரிடம் நீட்டினேன். டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்று அவர் முடிவு கட்டினார்.

ஏழுமலை அன்று வாசல்படிக்குக் கீழே நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். “ஐயா, மழையில கெட்டுப்போன மீட்டருக்குப் பதிலா புதுப்பேட்டையில ஒரு பழைய மீட்டரு வாங்கியாந்தீங்களே, அது வேற வண்டிதுங்க. கம்மியாக் காட்டுது. ரோட்டுல மைல்கல்ல எண்ணிப் பாத்தேன்.”

“கல்லாடா பெட்ரோல் குடிக்குது?” என்றார் என் கணவர்.

நான் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். நன்றாக வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த வேலைக்குக் காட்டவென்று கொடுக்கிற கடிதத்தில் ‘பெட்ரோல் விஷயத்தில் நம்பத்தகாதவர்’ என்று கணவர் ஆங்கிலத்தில் எழுதினார். அதில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்தவளும் நான்தான்.

பிறகு நாங்கள் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டோம். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. கணவர் காலமான மறு வருஷம் என் காரின் மீட்டர் நின்றுபோய், எங்கள் தெருக்கோடி சீன மெக்கானிக் வேறு ஒன்றைத் தேடி மாட்டினான். “இது வேறு காரின் மீட்டர் அம்மா. பத்து மைல் ஓடினால் ஒன்பதுதான் காட்டும். இதை நம்பி மைலேஜ் பார்க்காதே, வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வருவாய்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த சென்னை நோட்டை எடுத்தேன். மாசம் ஒரு தடவை காஞ்சிபுரம் கோயிலுக்குப் போவோம். போக வர தொண்ணூறு மைல் என்று இரண்டு வருஷமாக ஏழுமலையின் குண்டு எழுத்து சொல்கிறது. மீட்டர் மாற்றிய பிறகு அதே கீழ்ப்பாக்கம், அதே காஞ்சிபுரம், எண்பது மைல். ரோடு எப்படியம்மா சுருங்கும்? கடைசிக் கட்டத்தில் நான் போட்ட விடையை மட்டுமே இரண்டு பேரும் பார்த்தோமே தவிர, பக்கத்துக் கட்டத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. பெட்ரோல் எப்போதும் குடித்த அளவைத்தான் குடித்திருக்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், இதைப் பார்க்கவில்லை.

அதனால்தான் வந்தேன். அந்த மனிதனைத் தேடிப் பிடித்து, நீ திருடவில்லை என்று அவன் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

தாம்பரத்தில் சித்தி மகள் வீட்டில் தங்கினேன். முதல் நாள் காலையில் பொங்கலும் கொத்சும் கொடுத்தாள். ஈப்போவில் அரைவேக்காட்டு முட்டையும் ரொட்டியும் தின்று பழகிய வயிறு, பத்து மணிக்கே பஸ்ஸில் என்னைத் தூங்க வைத்துவிட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் ஏழுமலையின் ஊர் மணிமங்கலம் என்று இருந்தது. இறங்கி, கோயில் தெருவில் விசாரித்ததில் அவருடைய அண்ணன் வீட்டைக் காட்டினார்கள்.

அண்ணன் களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி பெயரைச் சொன்னதும் முகம் கறுத்தது.

“அவன் இங்க இல்ல. பொண்டாட்டி ஊருக்குப் பூட்டான், மண்ணூரு. நீங்க யாரு?”

சொன்னேன். மனிதர் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டார். “கடுதாசி எழுதினது உங்க வூட்டு ஐயாதானா? அத ஊர்ல ஒரு வாத்தியாரு படிச்சிக் காட்டினாரு. எங்கப்பன் அன்னிக்கே அவன வெளிய போடான்னுட்டாரு. அவரு சாவுக்கு வந்தான், கொள்ளி வெக்கறப்போ தள்ளி நின்னான். இன்னா வேணும் இப்போ?”

அவர் திருடவில்லை என்று சொல்ல வந்தேன் என்றேன். “செத்தவருக்கு யாரு போயி சொல்றது?” என்று கேட்டுவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டார். தண்ணீர்கூடக் கேட்கத் தோன்றாமல் திரும்பினேன். அன்று ராத்திரி சித்தி மகள் போட்ட கத்திரிக்காய்க் குழம்பைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டாம் நாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ். சித்திரை வெயில். ஈப்போவில் தினமும் சாயங்காலம் ஒரு மழை கொட்டி ஊரைக் கழுவிவிடும். இங்கே மழை என்ற ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. ஒரகடம் தாண்டுவதற்குள் எஞ்சின் பக்கமிருந்து வெள்ளை ஆவி கிளம்பி, பஸ் பெருமூச்சு விட்டு நின்றது.

“ரேடியேட்டரு கொதிச்சிப் போச்சி. எல்லாரும் எறங்குங்க” என்றார் கண்டக்டர். வாளியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனவர் அரை மணி கழித்து வெறும் வாளியோடு வந்தார். ஏரி வெடித்துக் கிடக்கிறதாம். அப்புறம் வெகுதூரம் நடந்து, மாடு பூட்டி நீர் இறைக்கிற ஒரு கவலைக் கிணற்றைக் கண்டுபிடித்தார்.

பனைமரத்தடியில் ஓர் அம்மாள் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். கைவிரலால் தோண்டிக் குடிக்கத் தெரியாமல் நான் புடவையெல்லாம் வழியவிட, “இன்னாம்மா, கொழந்த கணக்கா?” என்று சிரித்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் கட்டாந்தரையும் கருவேலும்தான். பக்கத்தில் இரண்டு பேர், இங்கே கம்பெனி வரப்போகிறது, எல்லாருக்கும் வேலை என்று பேசிக்கொண்டார்கள். “வந்தா டிரைவருங்களத்தான் மொதல்ல எடுப்பான்” என்றார் ஒருவர். அதைக் கேட்டு மனசு இன்னும் கனத்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, மண்ணூருக்குப் பிரிகிற முனையில் இறங்கும்போது மணி ஒன்று. புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. ஏழுமலை வீடு எது என்று கேட்டேன்.

“எந்த ஏழுமல? பெட்ரோல் ஏழுமலயா?” என்றார் கடைக்காரர், பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. “குந்துங்க. செங்கல் வண்டி ஓட்டிகினு இப்ப வருவாரு.”

பெட்ரோல் ஏழுமலை. ஐயோ, என் சிவப்பு மை இந்தப் புளியமரத்தடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உட்கார்ந்தேன். டீ ஆறி ஆடை கட்டியது.

மாட்டு வண்டி வந்தது. தலை நரைத்துவிட்டது, தோள் ஒரு பக்கம் சரிந்துவிட்டது, ஆனால் திரும்பும் இடத்தில் முன்னும் பின்னும் பார்க்கிற பார்வை மாறவே இல்லை. என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கித் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அம்மா! இன்னாம்மா இது? எப்ப வந்தீங்க? ஐயா சவுக்கியமா?”

“ஐயா போயிட்டாருங்க ஏழுமலை. நீங்க எப்படி இருக்கீங்க?”

“அடடா.” கக்கத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீன்னே கூப்புடுங்கம்மா, எனக்கு ஒரு மாதிரி கீது.” பிறகு மாட்டின் முதுகைத் தட்டி, “இதான் இப்ப நம்ம வண்டி. பெட்ரோலும் வாணாம், மீட்டரும் கெடையாது” என்றார். அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

செங்கல் மேல் ஒரு சாக்கு விரித்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீன மெக்கானிக், நோட்டு, தொண்ணூறு, எண்பது. அவர் திரும்பாமலே கேட்டுக்கொண்டு வந்தார். “ஆமாம்மா, அதான் அன்னிக்கே சொன்னேன்” என்றார் முடிவில். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஓலை வேய்ந்த வீடு. அவர் மனைவி கன்னியம்மாள் வாசலில் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் யார் என்பதையும் ஐயா போய்விட்டதையும் ஏழுமலை சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

“வாங்க டீச்சரம்மா. ஒங்கள நான் வுடாத சாபம் இல்ல” என்றாள். “எங்க கொல தெய்வத்தாண்ட காசு முடிஞ்சி வெச்சி சபிச்சிருக்கேன். ஐயா போயிட்டாருன்னா அதுல எனக்கும் பங்கு கீதோ இன்னாவோ.”

“கன்னி, சும்மா இரு” என்றார் ஏழுமலை.

“இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? ஒங்க கடுதாசியால இவருக்கு ஒருத்தன் கார் குடுக்கல. நாலு வருசம் கழிச்சி ஜல்லி லாரில ஏறனாரு. ஒரே வருசம். பழைய கத எப்பிடியோ மொதலாளி காதுக்குப் போயி, அடிச்சித் தொரத்திட்டான், லைசென்ஸையும் புடுங்கிகினான். நேர்மையா இருந்த மனுசன். இன்னிக்கி செங்கல் தூக்கறாரு.”

நான் நோட்டை விரித்தேன். நாங்கள் செய்த தப்பு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அப்படியே உடைந்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

அவள் என்னை அழவிட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும், நறுக்கின வெங்காயமும், சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். “மொதல்ல குடிங்க. வெயில்ல வந்து கீறீங்க.” உப்பும் மோரும் கலந்த அந்தக் கூழ் வயிற்றில் இறங்கியதும்தான் காலையிலிருந்து நுங்கைத் தவிர ஒன்றும் தின்னவில்லை என்பது ஞாபகம் வந்தது. சாபம் கொடுத்த கை அது. என் வீட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்த மனிதருக்கு நான் ஒரு நாளும் எதிரே உட்கார வைத்துச் சோறு போட்டதில்லை.

குடித்து முடித்ததும் அவள் சொன்னாள்: “எனக்கு எதுக்கு சொல்றீங்க? இவரு திருடலன்னு எனக்குத் தெரியாதா? டீக்கடையில குந்திகினு பெட்ரோலு பெட்ரோலுன்றானுங்களே, அவனுங்களுக்குச் சொல்லுங்க.”

“வாணாம் கன்னி. இத்தினி வருசத்துக்கு அப்பால எதுக்கு?” என்றார் ஏழுமலை. அவர் முகம் ஏன் அப்படி வெளிறியது என்று எனக்கு அப்போது புரியவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் தப்புக் கணக்கு.

சாயங்காலம் மூன்று பேரும் புளியமரத்தடிக்குப் போனோம். களத்து வேலை முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பெஞ்சில் இருந்தார்கள். கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கிற மாதிரி பேசித்தானே பழக்கம், எழுந்து நின்று ஆரம்பித்தேன். நான் யார், என் கணவர் என்ன எழுதினார், மீட்டர் எப்படிப் பொய் சொன்னது, நாங்கள் எப்படி அதை நம்பி ஒரு மனிதனை நம்பாமல் போனோம் எல்லாம் சொன்னேன்.

“அப்போ திருடன் மீட்டருதான்றீங்க” என்றார் ஒருவர்.

“அவன் அன்னிக்கே சொன்னாம்பா, கல்ல எண்ணிப் பாத்தேன்னு. நாமதான் கேக்கல” என்றார் ஒரு கிழவர்.

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஐந்து மாசத்து விடைகளையும் ஒவ்வொன்றாக அடித்து, மேலே முப்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்கள் தலைகளை நீட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மாள் கை நீட்டினாள். “அந்த நோட்ட எனக்குக் குடுத்துட்டுப் போங்க டீச்சரம்மா.” கொடுத்தேன். முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். “சாமி படத்தாண்ட வெக்கறேன்” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

“இனிமேட்டு அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டேம்பா, போதுமா?” என்றார் கடைக்காரர். இரண்டு நிமிஷம் கழித்து, “பெட்ரோலு, இந்தா டீ” என்று கிளாஸை நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை, ஒருவருக்கும் அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஏழுமலை வாங்கிக் குடித்தார்.

பஸ் ஏற்றிவிட என்னோடு ரோட்டைத் தாண்டி வந்தார். தண்டலம் பக்கமிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன. பழைய மைல்கல்லைப் பிடுங்கிவிட்டு நட்ட கிலோமீட்டர் கல் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, ஒண்ணு சொல்றேன். அவளாண்ட சொல்லிடாதீங்க.”

“சொல்லுங்க.”

“அந்த ஜல்லி லாரிக்காரன் பழைய கதயக் கேட்டு என்னத் தொரத்தல. அங்க நான் நெஜமாவே எடுத்தேம்மா.”

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

“டியூபு போட்டு உறிஞ்சி எடுத்தேன். ஒரு வருசம். வாயில அந்த டீசல் நாத்தம் மூணு நாளைக்குப் போவாது. சோத்துல கை வெச்சா அதான். எதுக்கு எடுத்தேன் தெரியுமா? எடுக்காத காலத்துலயே திருடன்னுட்டாங்க. அப்பன் வூட்ட வுட்டுத் தொரத்திட்டாரு. சரி, பேரு எப்பிடியும் நம்மளுதுதான், செஞ்சிட்டே சொமப்போம்னு எடுத்தேன். கையும் களவுமா மாட்டினேன். அவன் லைசென்ஸப் புடுங்கிகினது ஞாயந்தான்.”

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“அவ என்ன நல்லவன்னு நெனச்சிகினே பொழச்சிட்டா. இன்னிக்கி ஒங்க நோட்டு வேற. தெனம் காலைல கற்பூரம் காட்டறப்போ அது எதுருல நான் நிக்கணும்.”

“எங்க வீட்டுல நீங்க ஒண்ணும் எடுக்கல ஏழுமலை. அது எனக்குத் தெரியும்” என்றேன். எத்தனை அசட்டுத்தனமான பேச்சு அது என்று சொல்லும்போதே தெரிந்தது.

“ஐயா வண்டில ஒரு சொட்டு எடுக்கலம்மா.” அவர் ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்குக் கையை நீட்டினார். “அது அப்பவே தெரிஞ்சிருக்கணும்.”

பஸ் நின்றது. அம்மாவுக்கு உட்கார இடம் கொடு என்று கண்டக்டரிடம் சொன்னார், நான் ஏறும் வரை என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கதவை அவரே சாத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிலோமீட்டர் கல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றவர், பிறகு வீட்டுப் பக்கம் போகாமல் டீக்கடைப் பக்கமே திரும்பி நடந்தார்.